பரணில் எலி: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

ரேவதி: பரணில் இரவெல்லாம் ஓட்டம். அரிசி மூட்டையைக் கடித்துவிட்டது. கடைக்காரர் பசை அட்டையை நீட்டுகிறார். வாங்கலாமா?

மணி மாமா: வேண்டாம். பசையில் ஒட்டிய எலி உடனே சாகாது, மணிக்கணக்கில் கத்திக்கொண்டே கிடக்கும். இங்கிலாந்தில் பொதுமக்கள் அதை வைப்பதே 2024 ஜூலை இறுதியிலிருந்து குற்றம்.

கார்த்திக்: அரிசி திருடனுக்கு இவ்வளவு வக்காலத்தா மாமா? 😄

மணி மாமா: பல்லியும் அணிலும் கூடத்தான் ஒட்டிக்கொள்ளும். உயிரோடு துடிப்பதை யார் எடுத்துப் போடுவது, நீ வருகிறாயா?

கார்த்திக்: 🙏

ராஜி அத்தை: கூண்டு வை ரேவதி. மசால்வடைதான் வேண்டும் என்றில்லை, ஒரு துண்டுக் கருவாடு போதும்.

ரேவதி: நேற்றே வைத்தேன் அத்தை. கிட்டேகூட வரவில்லை.

மணி மாமா: வராது. புதுப் பொருளைக் கண்டால் பெரிய எலி சில நாள் ஒதுங்கியே போகும். கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வை, உள்ளே வந்து தின்று பழகட்டும். பிறகு கொக்கியை மாட்டு. நடுப்பரணில் வைக்காதே. சுவரை உரசிக்கொண்டுதான் ஓடும்.

பெரியப்பா, திருவாரூர்: எங்கள் வயலில் கிட்டிதான். மூங்கிலை வில்லாக வளைத்து, நெல்லோ பொரியோ வைப்போம். வாய் வைத்ததும் வில் விடுபட்டுக் கழுத்தை நெரித்துவிடும். தஞ்சாவூர்க் கிட்டி என்றே பெயர். அதைக் கட்டத் தெரிந்த ஆள்தான் இப்போது கிடைப்பதில்லை. ஆந்தை வந்து உட்காரக் கழியும் நட்டிருக்கிறோம். கூலி கேட்காமல் இரவு வேலை பார்க்கிறது.

கார்த்திக்: பரணுக்கு ஓர் ஆந்தை அனுப்புங்கள் பெரியப்பா.

வசந்தா சித்தி: எலி பேஸ்ட் மட்டும் வீட்டுக்குள் வரவே கூடாது. அதிலிருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலை அழித்துவிடும், அதற்கு முறிவு மருந்தும் இல்லை. குழந்தைகள் இருக்கிற வீடு.

ரேவதி: சரி சித்தி. பிடித்ததை எங்கே விடுவது?

ராஜி அத்தை: அடுத்த தெருவில்தான் எல்லோரும் விடுகிறார்கள். அவர்கள் நம் தெருவில் விடுகிறார்கள்.

மணி மாமா: அதனால்தான் ஓட்டையை அடைக்கச் சொல்கிறேன். சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் சந்தே போதும். குழாய் வரும் இடத்தில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசு. கூண்டைக் கையுறையோடு தொடு. எலியின் சிறுநீரிலிருந்துதான் எலிக்காய்ச்சல் பரவுகிறது.

கார்த்திக்: அக்கா, சனிக்கிழமை வந்து பூசித் தருகிறேன். ஏணி இருக்கிறதா?