புதுப்பிப்பு: பிக்கப்பின் ரிவர்ஸ் விளக்குகள் இப்போது எரிகின்றன

பழைய பிக்கப்பில் ரிவர்ஸ் கியர் போட்டால் பின்விளக்குகள் எரிவதில்லை என்று எழுதியிருந்தேன். பல்பையும் ஃபியூஸையும் பார்க்கச் சொன்னீர்கள், இரண்டிலும் குறையில்லை. இரு பக்கமும் ஒருசேர அணைந்திருந்ததால் பல்பின் மீது எனக்குப் பெரிதாகச் சந்தேகமும் இல்லை.

கோளாறு கியர் பாக்ஸில் திருகியிருக்கும், ரிவர்ஸ் கியர் விழுந்ததும் விளக்குகளுக்கு மின்சாரம் விடும் ரிவர்ஸ் சுவிட்சில்தான். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு அடியில் படுத்தேன். சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, ஒயர் பக்கத்து இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தவுடன் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஆக, ஒயரிங் சரி. சுவிட்சைக் கழற்றிப் பார்த்தால், கறுத்த பிசுக்கு அப்பிய முனை விரலால் அழுத்த உள்ளே போகிறது. ஆனால் மின்சாரம் கடக்கிறதா என்று பார்க்க வைத்த மீட்டரிலோ அசைவே இல்லை. உள்ளே தொடுமுனை தேய்ந்துபோயிருக்க வேண்டும். சுத்தம் செய்து பார்க்கும் வேலையெல்லாம் வீண், புதிதாக வாங்குவதே மேல்.

புதியதைப் போடும்போது வாஷரையும் மாற்றுங்கள். பழையதையே போட்டால் கியர் ஆயில் கசியக்கூடும். இடது விளக்கு மட்டும் சற்று மங்கலாக எரிந்தது. அதன் எர்த் திருகில் (விளக்கின் ஒயரை வண்டியின் உடலோடு இணைக்கும் திருகு) படிந்திருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்தேன், சரியாகிவிட்டது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் இந்தச் சுவிட்சின் அமைப்பே வேறு. அதற்கு இந்த வழி அப்படியே பொருந்தாது.