மூன்று மாதச் செய்திக்கு ஒன்பது மாத வயிறா?

லயத்துக்காரி: "கர்ப்பம் என்றால் வயிறுதானே, பத்திரிகைக்காரன் வேறு எதைப் போடுவான்" என்று கிராணி (தோட்டக் கணக்கர்) மகன் நேற்று கேட்டிருந்தார். பத்திரிகையில் வந்த செய்தி என்ன? முதல் மூன்று மாதத்தில் வாந்தியும் மயக்கமுமாக வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றியது. அதற்குப் போட்ட படம் என்ன? கழுத்தோடு வெட்டிய ஒரு வெள்ளைக்காரி, ஒன்பது மாத வயிற்றைத் தடவிக்கொண்டு நிற்கிறாள். மூன்று மாதத்தில் கர்ப்பப்பை அடிவயிற்று எலும்புக்கு மேலே அப்போதுதான் எட்டிப் பார்க்கும், தொப்புள் உயரத்துக்கு வர 20 வாரம் ஆகும். இதுகூடத் தெரியாமல் செய்தி போடுகிறார்கள், அதற்கு வக்காலத்து வேறு.

கிராணி மகன்: அக்கா, அது ஒன்பது இல்லை, ஏழு. எனக்கு மூன்று பிள்ளைகள்.

லயத்துக்காரி: பெற்றது உங்கள் மனைவி, தம்பி. வயிறு இறங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா? ஒன்பதுதான்.

பழைய மண்டோர்: 1991இல் ஹாலிவுட் நடிகை டெமி மூர் 'வேனிட்டி ஃபேர்' இதழின் அட்டையில் வயிற்றோடு நின்றபோது சில கடைகளில் உறை போட்டு மறைத்து விற்றார்கள். இப்போது யாருக்கும் கூச்சமே இல்லை.

கிராணி மகன்: அவருக்கு அப்போது ஏழு மாதம்! பார்த்தீர்களா, ஏழிலேயே அவ்வளவு பெரிது.

லயத்துக்காரி: அதில் முகம் இருந்தது ஐயா, நேராகப் பார்த்தார். இங்கே தலையையே காணோம்.

கிராணி மகன்: அடையாளம் தெரியக்கூடாது என்று வெட்டியிருப்பார்கள்.

லயத்துக்காரி: விலைக்கு வாங்கிய படம், காசு வாங்கிக்கொண்டு நின்ற மாடல், அவளுக்கு என்ன மறைப்பு? நம் பெண்கள் வயிற்றுப் பிள்ளையோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள், செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டில் உதிரிப் பழம் பொறுக்கினார்கள், அவர்கள் முகத்தை எந்தச் செய்தியில் போட்டார்கள், சொல்லுங்கள். 2023இல் மலேசியாவில் பேறுகால விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளானபோதும் நான் பார்த்த செய்திகளில் இதே வயிறுதான். விடுமுறை பிள்ளை பெற்றவளுக்கு. அப்போது வயிறு எங்கே இருக்கும்?

கிராணி மகன்: சட்டம் தெரியாமல் பேசாதீர்கள். பிறப்பதற்கு 30 நாள் முன்பே விடுமுறையைத் தொடங்கலாம். வயிறு இருக்கும்.

லயத்துக்காரி: அப்படியென்றால் எத்தனையாவது மாதம் தம்பி? ஒன்பதா, ஏழா?

கிராணி மகன்: நான் சொன்னது சட்டத்தை. அந்தப் படம் ஏழு.

பழைய மண்டோர்: ரெண்டு பேரும் நிறுத்துங்கள். கோயில் மண்டபத்து நாற்காலிகள் இன்னும் திரும்பி வரவில்லை, அதைப் பற்றி யாராவது பேசுகிறீர்களா?

கிராணி மகன்: அக்கா வீட்டு வளைகாப்புக்குப் போனவைதானே?

லயத்துக்காரி: ஓ, அங்கே வருகிறீர்களா. எல்லாம் எண்ணி ஒப்படைத்தாயிற்று, கோயில் தலைவர் கையெழுத்தே இருக்கிறது. உங்கள் அப்பா காலத்தில் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) கணக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டேனா?

கிராணி மகன்: அப்பாவை இழுக்காதீர்கள்.

லயத்துக்காரி: நாற்காலியை இழுத்தது யார்? நாளைக்கு அந்தக் கையெழுத்துப் போட்ட ரசீதை இங்கே போடுகிறேன். அப்படியே கிளினிக் நர்ஸிடம் படத்தையும் காட்டிக் கேட்கிறேன்.

கிராணி மகன்: அந்த நர்ஸ் உங்கள் மச்சாள்தானே?