பற்றவைப்பில் ‘ப்ளக்ஸ்’: இளக்கி என்ற சொல் போதுமா?

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். ‘ப்ளக்ஸ்’ (flux) என்பதற்குப் பாடநூலில் உள்ள ‘இளக்கி’யையே, ஈயத்தை உருக்கி உலோகங்களை இணைக்கும் பற்றவைப்புக்கும் (சால்டரிங்) நம் சொற்பட்டியலில் போட்டிருக்கிறோம். இரும்புத்தாதை உருக்கும் ஊதுலையில் சுண்ணாம்புக்கல்லுக்கு அந்தப் பெயர் தகும். தாதுவோடு வந்த கல்மண்ணைக் கசடாக இளக்கி ஓட்டுகிறது. பற்றவைப்பில் ப்ளக்ஸ் என்பது இணைக்கும் இடத்தில் பூசும் மருந்து; அது ஈயத்தை இளக்குவதில்லை. 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம் கலந்த பற்றுலோகம்) இது இருந்தாலும் இல்லாவிட்டாலும் 183 முதல் 190 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும்.

சொல் தவறினால் வேலையும் தவறும். எஃகின்மேல் ஈயம் பரவாமல் முத்தாக உருண்டால், ‘இளக்கி’ என்று படித்தவர் சூடு போதவில்லை என்றுதான் நினைப்பார். சூட்டைக் கூட்டக் கூட்ட, 300 பாகையை ஒட்டி எஃகு நீலம் பாயும். அந்த நீலமே புது ஆக்சைடு. பூசிய மருந்தும் கருகிப் போயிருக்கும். பிறகு எவ்வளவு ஈயம் வைத்தாலும் ஒட்டாது.

இதன் உண்மையான வேலை, ஆக்சைடைக் கரைத்துக் காற்றுப் படாமல் மூடி வைப்பது. அப்போதுதான் வெள்ளீயம் இரும்பைத் தொட்டு, இரண்டும் சேர்ந்த மெல்லிய படலம் உண்டாகும். பிடிப்பு அந்தப் படலத்தில் இருக்கிறது.

உருக்கி இணைக்கும் அந்த உலோகத்துக்கு, அதாவது ‘சால்டர்’ என்பதற்குப் ‘பற்றாசு’ என்ற பழஞ்சொல் நம்மிடம் உண்டு. ஆசிடை நேரிசை வெண்பாவில் தனிச்சொல்லுக்கு முன் ஓரிரு அசை வைத்து இணைக்கிறோமே, அந்த ஆசு தட்டார் பட்டறைச் சொல்தான். ஆகவே ‘சால்டர்’ என்பதற்குப் பற்றாசு, ‘ப்ளக்ஸ்’ என்பதற்கு ஆசுநீர் என்று முன்மொழிகிறேன்.

ஏற்காட்டிலிருந்து:

பற்றாசுக்கு என் ஓட்டு. ஆசுநீர் வேண்டாம் ஐயா. ஆசு என்றால் குற்றம் என்றும் பொருள். ‘ஆசுநீர்’ என்று ஒட்டிய புட்டியைக் கழிவுநீர் என்று கொட்டிவிடுவார்கள். தவிர, இது எப்போதும் நீராக இருப்பதில்லை; பசையும் உண்டு, பொடியும் உண்டு. ‘பற்றூக்கி’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஊக்கி என்றால் வினையூக்கி நினைவுக்கு வரும். அது செலவாகாது, இது செலவாகும்.

என் பரிந்துரை பற்றுத்துணை. முன்னொட்டு மாற்றினால் வகைகளும் அடங்கும்.

பிசின் (ரோசின்) துணை: செம்புக் கம்பிக்குப் போதும், எஃகுக்குப் போதாது.

துத்தநாகத் துணை: மென் எஃகுக்கு. துத்தநாகக் குளோரைடு 3 பங்கு, நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) 1 பங்கு, எடைக் கணக்கில், நீரில் கரைத்தது. இந்தக் கலவை ஏறத்தாழ 180 பாகையில் உருகுவதால் ஈயம் உருகும் நேரத்துக்குத் தயாராக நிற்கும்.

பாஸ்பாரிக் துணை: எவர்சில்வருக்கு. சேலம் உருக்காலைத் தகடானாலும் வேறு எதுவானாலும், 304 வகையில் 18 விழுக்காடு குரோமியம் இருக்கிறது. அதன் ஆக்சைடுத் தோல் சுரண்டிய கணமே மறுபடி மூடிக்கொள்ளும். ஆகவே மருந்தைப் பூசி, ஈரத்தோடேயே தேய்க்க வேண்டும்.

வெங்காரத் (போராக்ஸ்) துணை: கொலுசுப் பட்டறையில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் பலர் இதை ஈயப் பற்றுக்கும் எடுத்துவிடுகிறார்கள். வெங்காரம் உருகவே 740 பாகை தாண்ட வேண்டும். வெள்ளிப் பற்றாசு போன்ற உயர்சூட்டு வேலைக்கே அது.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

சரி, பற்றுத்துணையே இருக்கட்டும். பதிவில் விளக்கமாக இதைச் சேர்க்கிறேன், திருத்தவும்:

“முதலில் அசிட்டோனால் எண்ணெய் நீக்கி, அதன்பின் 120 எண் எமரித்தாளால் தேய்க்கவும், வரிசை மாறினால் எண்ணெயைக் கீறலுக்குள் தேய்த்ததாகும். விரல் படாமல் உடனே பற்றுத்துணை பூசவும். இரு முகங்களுக்கும் தனித்தனியே ஈயம் பூசி, மிகுதியைத் துடைத்து, பின் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சூடேற்றவும். இடைவெளி ஒரு தாளின் தடிமன், அதாவது 0.1 மி.மீ. சூடு தகட்டுக்கு; பற்றாசு தகட்டின் சூட்டில் உருக வேண்டும். முனையோடு முனை வைத்த இணைப்பு தாங்காது, மேற்கவிந்ததே தாங்கும்.”

எவர்சில்வர் செம்பைப்போல் சூட்டைக் கடத்தாது. ஏறத்தாழ 25-இல் ஒரு பங்குதான். ஓரிடத்திலேயே சுடரை நிறுத்தினால் அங்கே கருகும், அரை அங்குலம் தள்ளிக் குளிர்ந்தே கிடக்கும். உணவுப் பாத்திரமானால் காரீயம் கலக்காத வெள்ளீய–வெள்ளிப் பற்றாசு; 221 பாகையில் உருகும்.

இன்னொரு சொல் மிச்சம். வேலை முடிந்தபின் தங்கும் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து மறுநாளே துருவைக் கிளப்பும். வெந்நீரில் கழுவி, சோடா உப்புக் கரைசலில் அலசி, மறுபடி வெந்நீர் விட வேண்டும். இப்படித் தங்கும் மிச்சத்தையும் ‘கசடு’ என்று எழுதுகிறோம். கசடு ஊதுலைக்கே இருக்கட்டும். இதற்குத் ‘துணையெச்சம்’ சரியா?

ஏற்காட்டிலிருந்து:

இலக்கண ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், போடுங்கள்.