குடியை விட உதவி கேட்டிருக்கும் தம்பிக்கு நாங்கள் என்ன சொல்ல வேண்டும்?

கேள்வி: வலிகாமத்து அக்கா

வணக்கம். என்னுடைய தம்பிக்கு 36 வயது. மேசன் வேலை செய்பவர். அவருடைய கை நேர்த்திக்காக அடுத்த ஊரிலிருந்தும் ஆட்கள் தேடி வந்து கூப்பிட்ட காலம் இருந்தது. எட்டு ஆண்டுகளாகக் குடிக்கிறார். கடைசி மூன்று ஆண்டுகளாகக் காலையில் எழும்பியவுடனேயே குடித்தால்தான் எழுந்து நடக்க முடியும் என்ற நிலைக்கு வந்துவிட்டார். நாளொன்றுக்கு அரைப் போத்தல் சாராயம் போகிறது. கையில் காசில்லாத நாட்களில் களவாகக் காய்ச்சும் கசிப்பு.

கடந்த ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் நான் குசினியில் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தபோது அவர் வந்து வாசற்படியில் குந்தினார். தேநீர் கொடுத்தேன். கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தும் பாதித் தேநீர் சாரத்தில் ஊற்றுப்பட்டுவிட்டது. நான் துடைக்கக் குனிந்தபோது என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இனி எனக்கு ஏலாது. என்னை எங்கையாவது கொண்டுபோய்க் காட்டு" என்றார். நாங்கள் எட்டு ஆண்டுகளாகக் கெஞ்சியும் ஏசியும் அழுதும் கேட்காத சொல் அது.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். நல்லூர்க் கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ண வைக்க வேண்டும் என்கிறார் அம்மா. கனடாவில் இருக்கும் சித்தப்பா, ஒரு கலியாணத்தைக் கட்டி வைத்தால் பொறுப்பு வந்துவிடும் என்று தொலைபேசியில் சொல்கிறார். என் கணவரோ, பத்து நாட்களுக்கு அறையில் பூட்டி வைத்தால் உடம்பிலிருந்து எல்லாம் இறங்கிவிடும் என்கிறார். எல்லோரும் அவர்மீது உள்ள அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் பிழையான ஒரு சொல்லினால் அவர் திறந்த கதவு மறுபடியும் மூடிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அவரை உற்சாகப்படுத்த நான் என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது? மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் சென்றால் ஊரார் என்ன கதைப்பார்களோ என்ற தயக்கமும் உள்ளதை மறைக்காமல் எழுதுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து பதில் தாருங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்

பிள்ளை, என்ன பேசுவது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: அறையில் பூட்டி வைக்க வேண்டாம். காலையில் கை நடுங்குபவருடைய உடம்பு மதுசாரத்துக்குப் பழகிவிட்டது. அதைத் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்து 6 மணித்தியாலங்களிலேயே நடுக்கமும் வியர்வையும் ஓங்காளமும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு, பெரும்பாலும் 48 முதல் 72 மணித்தியாலங்களுக்குள், சிலருக்கு நினைவு தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், இல்லாத ஆட்களோடு கதைப்பார்கள், பெற்ற தாயையே அடையாளம் தெரியாமல் விழிப்பார்கள். இந்த நிலை உயிரைப் பறிக்கக் கூடியது. நான் வேலை செய்த காலத்தில், யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று இரண்டு நாட்கள் பார்வை பார்த்து, நூல் கட்டி, கடைசியில் காய்ச்சலும் வலிப்புமாகத் தூக்கி வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஒருவருடைய கையில் கட்டிய நூலின் மஞ்சள்கூட இன்னும் காயாமல் இருந்தது. அவரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

வைத்தியசாலையில் இதே நாட்களை மருந்தோடு கடத்தலாம். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரையை முதலில் கூடுதலாகத் தந்து, நாளுக்கு நாள் குறைத்துப் பெரும்பாலும் ஒரு வாரமளவில் நிறுத்துவார்கள். வைட்டமின் பி1 ஐ ஊசியாக ஏற்றுவார்கள். நெடுநாள் குடித்தவர்களுக்கு இந்த வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கவனியாமல் விட்டால் கண்ணசைவும் நடையும் நினைவும் கெட்டு, சிலருக்கு அந்த நினைவு பிறகு திரும்புவதே இல்லை. "சத்தூசி தானே" என்று யாரும் அதை இலேசாக எண்ண வேண்டாம்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. உங்களுக்குக் கிட்டடியில் உள்ளதற்குப் போகலாம், காசு கட்டத் தேவையில்லை. அடையாள அட்டையைக் கொண்டு செல்லுங்கள். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா, கசிப்பும் குடிப்பாரா என்ற விபரங்களை ஒளிக்காமல் சொல்லுங்கள். வெட்கத்தினால் அரைப் போத்தலைக் கால் போத்தல் என்று குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் பிழைத்துவிடும். போகும்வரை நீங்களாகப் பலவந்தமாக நிறுத்த வேண்டாம். இடையில் வலிப்போ நினைவுத் தடுமாற்றமோ ஏற்பட்டால் உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். எந்த நேரத்திலும் மனநல ஆலோசனை பெற 1926 இருக்கிறது. மது, போதைப்பொருள் பற்றிக் கேட்பதற்குத் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இருக்கிறது.

இன்னுமொன்று. குடித்தால் சத்தி எடுக்க வைக்கும் மாத்திரையைச் சோற்றிலோ சொதியிலோ இரகசியமாகக் கலந்து கொடுக்கும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த மருந்து, நோயாளி அறிந்து சம்மதித்து, மருத்துவரின் கண்காணிப்பில் எடுக்க வேண்டியது. தெரியாமல் உட்கொண்டவர் குடித்துவிட்டால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆபத்து வராவிட்டாலும், நீங்கள் கொடுக்கும் சோற்றை அவர் பிறகு எப்படி நம்பிச் சாப்பிடுவார்?

பதில் 2: பன்னிரண்டாம் வருடம்

சகோதரி, நான் குடியை விட்டு இது பன்னிரண்டாம் வருடம். உங்கள் தம்பி குந்திய அந்த வாசற்படியில் நானும் குந்தியிருக்கிறேன். ஆகவே என்ன சொல்ல வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு, அந்தப் பக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உதவி கேட்கும் மனம் எங்களுக்கு எந்த நேரமும் இருப்பதில்லை. அது பெரும்பாலும் விடியப்புறத்தில், முதல் மிடறு உள்ளே போவதற்கு முன் வரும். பத்து மணிக்குப் போய்விடும், போன பிறகு நாங்களே அதை மறுதலிப்போம். அதனால் "நல்லது தம்பி, யோசிப்பம்" என்று சொல்லாதீர்கள். "நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு வெளிக்கிடுவம், நானும் வாறன்" என்று நேரத்தையும் துணையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவருக்கு இப்போது வேண்டியது புத்திமதி அல்ல. அவர் தனக்குத் தானே சொல்லாத புத்திமதி எதையும் உங்களால் சொல்லிவிட முடியாது. கூட வருவதற்கு ஒரு ஆள்தான் வேண்டும்.

சத்தியம் வேண்டாம் என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நான் மூன்று முறை சத்தியம் செய்தேன், ஒருமுறை என் தாயாரின் தலையில் கை வைத்துச் செய்தேன். மூன்றும் மனதாரச் செய்தவை. உடைந்தபோது நான் குடித்ததைவிட, தாயின் தலையில் அடித்த சத்தியத்தை மீறிவிட்டேன் என்ற எண்ணம் என்னைத் தின்றது. அந்தப் பாரத்தை மறக்க இன்னும் குடித்தேன், குடித்ததை மறைக்கப் பொய் சொன்னேன். அம்மாவுக்கு நேர்த்தி வைக்க வேண்டும் என்றால் தன்னுடைய நேர்த்தியாக வைக்கட்டும், தம்பியைக் கற்பூரத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டாம். கலியாணத்தைப் பற்றி ஒரு வரிதான்: அது இன்னொரு வீட்டுப் பெண்பிள்ளையின் வாழ்க்கை.

பழைய கணக்குகளை இப்போது எடுக்காதீர்கள். விற்ற நகை, அடைவு வைத்த மோதிரம், ஊர்ச்சண்டை எல்லாம் அவருக்கு உங்களைவிட நன்றாக நினைவிருக்கும். வெறியில் இருக்கும்போது எதையும் பேசி முடிவெடுக்க முயலவும் வேண்டாம், காலைவரை பொறுங்கள். என்னை நிமிர்த்தியது என் பெரியம்மாவின் ஒரு பழக்கம். வைத்தியசாலையால் திரும்பிய நாள் தொடக்கம், நான் படலையைத் திறந்தால் போதும், "சாப்பிட்டியே?" என்று மட்டுந்தான் கேட்பார். பழைய நீலப் பீங்கானில் புட்டும் மீன் குழம்பும் போட்டுத் தருவார். என்னை மோந்து பார்க்கவில்லை, என் பைக்குள் கை விடவில்லை. அந்தப் பீங்கானுக்கு முன்னால் இருந்த அரை மணித்தியாலமும் நான் ஒரு குடிகாரன் அல்லன், அவருடைய பெறாமகன். நாள் முழுவதும் அந்த அரை மணித்தியாலத்தை நம்பித்தான் இருந்தேன்.

1935 ஆம் ஆண்டு அமெரிக்காவின் அக்ரன் நகரில், பங்குச்சந்தைத் தரகர் ஒருவரும் சத்திரசிகிச்சை மருத்துவர் ஒருவரும் சந்தித்துத் தங்கள் குடியைப் பற்றி ஒருவருக்கொருவர் மனந்திறந்து பேசியதிலிருந்துதான், குடியை விட விரும்புபவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு தொடங்கியது. குடித்தவனுக்கு இன்னொரு குடித்தவனிடம் வெட்கம் இல்லை என்பது அவர்கள் கண்டுகொண்ட விடயம். உங்கள் தம்பி விரும்பினால், வைத்தியசாலையிலிருந்து வந்த பிறகு, நான் வந்து அவரோடு கொஞ்ச நேரம் இருந்து கதைப்பேன். ஊரும் பேரும் தேவையில்லை.

பதில் 3: வடமராட்சி

நான் ஒரு மனைவி. மேலே இருவரும் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். வைத்தியசாலையிலிருந்து வந்த பிறகு நடப்பதைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனெனில் எங்களுக்கு அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

என் கணவர் நான்கு மாதம் தொடாமல் இருந்தார். பிறகு ஒரு செத்தவீட்டில், "சாராயந்தானே வேண்டாம், பனங்கள்ளு உடம்புக்குக் குளிர்மை" என்று ஒரு சிநேகிதர் ஓலைப் பிளாவில் ஊற்றி நீட்டினார். கள்ளிலும் அதே மதுசாரந்தான் இருக்கிறது. இரண்டாம் கிழமை பழைய இடத்துக்கே வந்துவிட்டார். "எல்லாம் வீண்" என்று நான் கத்தினேன். அந்தச் சொல்லுக்காக இன்றைக்கும் வருந்துகிறேன், ஏனெனில் அவரும் அதை அப்படியே நம்பிவிட்டார். கிளினிக்குக்குத் திரும்பிப் போக எங்களுக்கு ஏழு மாதங்கள் எடுத்தன. போனபோது மருத்துவர் ஏசவில்லை. நீரிழிவுக்காரருக்குச் சீனி கூடினால் நாங்கள் கிளினிக்கை நிறுத்திவிடுவோமா என்றுதான் கேட்டார். மீண்டும் குடித்துவிட்டால் அன்றோ மறுநாளோ கிளினிக்குக்குப் போவது என்று, அவர் தெளிவாக இருக்கும் இப்போதே இருவருமாகப் பேசி வையுங்கள்.

காசு விடயத்திலும் அவரிடமே கேளுங்கள். என் கணவர் தானாகவே, கூலியை என்னிடம் தந்துவிட்டுப் பேருந்துக் காசை மட்டும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நான் பறித்திருந்தால் அது சண்டையாகியிருக்கும். பழைய தவறணையைத் தாண்டாமல் வேலைக்குப் போக, ஒரு மைல் சுற்றும் ஒழுங்கையைத் தேர்ந்ததும் அவர்தான். நீங்களும் உங்களுடைய நித்திரையையும் சாப்பாட்டையும் கவனியுங்கள், அக்கா. குடிக்கும் வீட்டில் மற்றவர்களுக்கும் உடம்பு கெடும்.

ஊரார் கதைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் ஒழுங்கையில் விழுந்து கிடந்தபோது கதைத்தவர்கள்தான் கிளினிக்கின் வாங்கிலில் பார்த்தபோதும் கதைத்தார்கள். கிளினிக்கில் அவர் எழுந்து நின்றார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பதில் 4: ஒரு தகப்பன்

என் மகனுக்கு 22 வயது, பிரச்சினை ஹெரோயின். அவனும் போன கிழமை உதவி கேட்டான். இதே வழிதானா?

பதில் 5: ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்

ஐயா, கூட்டிச் செல்வதும் கூட இருப்பதும் அதேதான். ஹெரோயினை நிறுத்தும்போது உடம்பு முறிப்பது போன்ற நோவும் வயிற்றோட்டமும் நித்திரையின்மையும் இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்துக்குப் போகும். மருந்தினால் அதைத் தணிக்கலாம். பெரிய ஆபத்து அதற்குப் பிறகுதான் இருக்கிறது. சில கிழமை விட்டிருந்தவர் பழைய அளவையே மீண்டும் எடுத்தால், பழக்கம் விட்ட உடம்பு அதைத் தாங்காது, மூச்சு நின்றுவிடலாம். இதை அவனுக்குப் பயமுறுத்துவதாக இல்லாமல், அவன் உயிர் உங்களுக்கு வேண்டும் என்ற முறையில் சொல்லுங்கள். தானாக முன்வந்து சிகிச்சை பெறுவதற்கு, போதைப்பொருளுக்கு அடிமையானவர்களின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றிய 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. அவனே கேட்டிருக்கும்போது பொலிஸ், நீதிமன்றம் என்ற பயத்தில் நாட்களைக் கடத்த வேண்டாம். 1927 க்கு இன்றைக்கே எடுத்துக் கேளுங்கள்.

வலிகாமத்து அக்கா

எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. பதில்களை அன்றிரவே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சத்தியத்தைப் பற்றிய பகுதியை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். பிறகு ஒன்றும் பேசாமல் எழுந்து போய்த் தம்பியின் சாரங்கள் இரண்டையும் துவாயையும் மடித்து ஒரு பைக்குள் வைத்தார்.

மறுநாள் ஏழு மணிக்கு ஓட்டோ பிடித்துப் போனோம். பாதி வழியில் "அடுத்த கிழமை போவம் அக்கா" என்றார். நான் எதுவும் விளக்கவில்லை. "நான் பக்கத்திலதான் இருக்கிறன்" என்று மட்டும் சொன்னேன். மருத்துவர் எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டபோது என்னைப் பார்த்துவிட்டு, அரைப் போத்தல் என்றும் சில நாட்களில் அதற்கு மேலும் என்றும் அவரே சொன்னார். மேலும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். எட்டு நாட்கள் வாட்டில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் இரவு கடினமாக இருந்தது, வலிப்பு வரவில்லை. கிளினிக் அட்டையில் அடுத்த திகதி வியாழக்கிழமை என்று எழுதியிருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் வருடம் ஐயா, உங்களைப் பற்றி அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவர் என்னைப் பற்றி நிறையக் கேட்பாரோ?" என்றார். கேட்க மாட்டார் என்று உங்களுக்காக நானே வாக்குக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வர முடியுமா? இரவுக்கு புட்டு அவிப்பேன், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.