ஒன்பது வாரக் குட்டி, ராத்திரி முழுக்கக் கூண்டுக்குள் கத்துகிறது. என்ன செய்வது?

மாடிவீடு, தருமபுரி:

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் என் நாத்தனார் மாந்தோப்பில் நாட்டு நாய் ஒன்று ஐந்து குட்டி போட்டது. அதில் ஒரு பெண் குட்டியைப் போன வெள்ளிக்கிழமை கொண்டு வந்தோம். கேழ்வரகு நிறம், அதனால் ராகி என்று பெயர். ஒன்பது வாரம் ஆகிறது. ஐந்து ராத்திரியாக வீட்டில் யாரும் தூங்கவில்லை.

நாங்கள் இருப்பது டவுனுக்குள், முதல் மாடியில் வாடகை வீடு. கீழே வீட்டுக்காரர். படிக்கட்டுக்குக் கேட் கிடையாது, இறங்கினால் நேரே ரோடு. அதனால்தான் கூண்டு வாங்கினோம். வளர்ந்த பிறகும் ஆகட்டும் என்று 42 அங்குலம். ஹாலில் வைத்திருக்கிறோம். ராத்திரி பத்து மணிக்குப் பால் சாதம் வைத்து, உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவோம். அடுத்த நிமிஷமே ஆரம்பித்துவிடும். குரைப்பு இல்லை, பிள்ளை வீரிடுகிற மாதிரி. கம்பிக்கு நடுவில் மூக்கை விட்டு அழுத்தி அழுத்தி, மூக்குக்கு மேலே தோல் சிவந்துவிட்டது. காலையில் பார்த்தால் ஒரு மூலையில் எல்லாம் போய், அதை மிதித்துக்கொண்டு நிற்கும். பினாயில் ஊற்றிக் கழுவுகிறேன், மறுநாளும் அதே மூலை.

பகலில் 10 முதல் 1.30 வரை நான் தையல் கடைக்குப் போய்விடுவேன். மாமியார் வீட்டில் இருக்கிறார், ஆனால் முட்டிவலி, குனிந்து குட்டியைத் தூக்க முடியாது. "பச்சப் புள்ளைய ஜெயில்ல போட்டிருக்கீங்களே" என்று தினமும் கண் கலங்குகிறார். வீட்டுக்காரர் நேற்று மேலே வந்து, ரெண்டு நாளில் சத்தம் நிற்கவில்லை என்றால் நாயை அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். என் மகனுக்கு ஆறு வயது, இப்போதே அதை விட்டுப் பிரிய மாட்டான். எனக்கும் மனசு வரவில்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

அரூர் தம்பி:

அக்கா, கண்டுக்காதீங்க. மூணு நாள் கத்த விட்டா தானா அடங்கிடும். எங்க வீட்டு லேப்ரடார் நாய் அப்படித்தான் பழகுச்சு. நடுவுல ஒரு தடவ திறந்து விட்டீங்கன்னா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

பாலக்கோடு, கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன்:

அம்மா, பழக்குவது அப்புறம். முதலில் இதைச் சொல்லுங்கள். மலம் கெட்டியா, தண்ணியா? வயிறு பானை மாதிரி உப்பி இருக்கிறதா? பூச்சி மருந்து கொடுத்தாயிற்றா? தடுப்பூசி ஏதாவது போட்டதா?

மாடிவீடு, தருமபுரி:

தண்ணியாகத்தான் போகிறது ஐயா. வயிறு கொஞ்சம் உப்பல்தான், நன்றாகச் சாப்பிடுவதால் என்று நினைத்தோம். பூச்சி மருந்து, ஊசி எதுவும் இன்னும் இல்லை.

பாலக்கோடு, ஓய்வு பெற்றவன்:

அப்படியென்றால் நாளைக் காலையில் முதல் வேலை கால்நடை மருத்துவமனை. உருண்டைப் புழு தாயிடமிருந்தே குட்டிக்கு வந்துவிடும். பிறந்த ரெண்டாவது வாரத்திலிருந்து மூணு மாசம் வரை ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுக்க வேண்டும். எடை பார்த்துத்தான் அளவு, கடையில் நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள். பார்வோ, டிஸ்டம்பர் ரெண்டும் குட்டி உயிரையே எடுக்கிற வைரஸ் நோய்கள். அவற்றுக்கான ஊசி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கியிருக்கணும், இப்போதே போடலாம். அதன் பிறகு மூணு நாலு வாரத்துக்கு ஒன்று, பதினாறு வாரம் ஆகிறவரை. வெறிநாய்க்கடி ஊசி மூணு மாசம் முடிந்ததும்.

பசும்பாலை இன்றே நிறுத்துங்கள். பல குட்டிகளுக்குச் செரிக்காது, பேதிதான் ஆகும். வயிற்றுப்போக்கோடு இருக்கிற குட்டியைக் கூண்டில் போட்டுவிட்டு, அடக்கிக்கொள்ளவில்லையே என்றால் அது என்ன செய்யும்? நடுவில் வாந்தி, ரத்தம் கலந்த பேதி, சோர்ந்து படுப்பது என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, பார்வோ ஒரே நாளில் ஆளைக் கவிழ்த்துவிடும். உங்களால் தூக்கிக்கொண்டு போக முடியாத நிலைமை என்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்குப் போன் பண்ணிக் கேளுங்கள்.

ஓசூர் அக்கா:

அரூர் தம்பி கோவிச்சுக்கக் கூடாது, இதை நான் ஒத்துக்க மாட்டேன். ஐந்து ராத்திரி கத்தி ஓயாத குட்டி ஆறாவது ராத்திரியும் ஓயாது. அப்படியே ஓய்ந்தாலும், கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். நான் ரெண்டு குட்டிகளைக் கூண்டில் பழக்கியிருக்கிறேன். முதல் குட்டியைத் தம்பி சொன்ன மாதிரிதான் விட்டேன். பெரிசாகிற வரைக்கும் கூண்டுக் கதவுச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அந்தத் தப்பை நீங்களும் செய்யக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போன வியாழன் வரைக்கும் ராகி நாலு கூடப்பிறந்ததுகளோடு ஒட்டிப் படுத்து, அம்மா வயிற்றுச் சூட்டில் தூங்கியது. வெள்ளி ராத்திரி டைல்ஸ் தரை, யாருமில்லாத ஹால், இரும்புக் கம்பி. இன்றைக்கே கூண்டை உங்கள் படுக்கை அறைக்குள் கொண்டு போங்கள். நீங்கள் படுத்தபடி கை நீட்டினால் விரல் கம்பிக்குள் போகிற தூரத்தில் இருக்கணும். மூணு பக்கம் பழைய காட்டன் புடவையால் மூடுங்கள், முன்பக்கம் திறந்தே இருக்கட்டும், காற்று வேண்டும்.

அடுத்தது அளவு. 42 அங்குலம் அதற்கு ஒரு வீடு. ஒரு மூலையில் போய்விட்டு இன்னொரு மூலையில் படுத்துக்கொள்ள இடம் இருக்கிறதே! மூக்கிலிருந்து வால் தொடங்குகிற இடம் வரை அளந்து, கூட நாலு அங்குலம் சேர்த்து, அந்த இடத்தில் பிளைவுட் பலகை ஒன்றைக் குறுக்கே நிறுத்திக் கம்பியோடு கட்டிவிடுங்கள். நிற்கணும், திரும்பணும், காலை நீட்டிப் படுக்கணும், அவ்வளவு போதும். வளர வளரப் பலகையைத் தள்ளிக்கொண்டே போகலாம். அட்டை வேண்டாம், ஒரே நாளில் கடித்துத் துப்பிவிடும்.

பினாயிலை நிறுத்துங்கள். வாசனை நமக்குத்தான் மறைகிறது, அதன் மூக்குக்கு அந்த மூலை இன்னும் கக்கூஸ்தான். பாதத்தில் ஒட்டி நக்கினால் உடம்புக்கும் ஆகாது. சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, நன்றாகக் காயவிட்டு அப்புறம் துணி போடுங்கள்.

இனி கதவு. இதில்தான் அவசரப்பட்டுவிட்டீர்கள். ரெண்டு நாளைக்குக் கதவைச் சாத்தவே வேண்டாம், திறந்தபடி கயிறு போட்டுக் கட்டி வையுங்கள். கதவு ஆடி முதுகில் இடித்தால்கூடக் குட்டி பயந்துவிடும். சோற்றுக் கிண்ணத்தை முதல் வேளை கூண்டு வாசலில் வையுங்கள், அடுத்த வேளை ஒரு சாண் உள்ளே, அதற்கடுத்து உள்சுவர் ஓரமாக. பயமில்லாமல் முழு உடம்பும் உள்ளே போய்த் தின்கிறது என்றால், தின்னும்போது சாத்தி, கிண்ணம் காலியாவதற்கு முன்னால் திறந்துவிடுங்கள். அப்புறம் அரை நிமிஷம். அப்புறம் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் கட்டுகிற நேரத்துக்கு. இந்த ரெண்டு ராத்திரிக்கு, டிவி, ஃபேன் வந்த உயரமான அட்டைப் பெட்டி ஏதாவது இருந்தால் அதில் துணி போட்டு, கட்டிலை ஒட்டி வைத்து, கையை உள்ளே தொங்கவிட்டுப் படுங்கள்.

ரெண்டு மாசக் குட்டி மூணு மணி நேரம் அடக்கினாலே பெரிசு. படுக்கும்போது ஒரு தடவை, ஒன்றரைக்கு, நாலரைக்கு அலாரம் வையுங்கள். அது கத்தி எழுப்புகிறதுக்கு முன்னால் நீங்கள் எழுப்ப வேண்டும். விளக்குப் போடாதீர்கள், பேசாதீர்கள், நேரே மொட்டை மாடி, முடிந்ததும் ஒரு தடவல், திரும்பப் படுக்கை. தடுப்பூசி முடிகிறவரை ரோட்டில் இறக்க வேண்டாம், பார்வோ கிருமி மண்ணில் மாசக்கணக்கில் சாகாமல் கிடக்கும். மாடியில் பழைய தொட்டி ஒன்றில் மண் போட்டு, அது ஒரு தடவை போன துணியை அந்த மண்ணில் தேய்த்துவிடுங்கள், இடம் புரிந்துகொள்ளும்.

அழுகையிலும் ரெண்டு இருக்கிறது. இப்போதுதான் வெளியே போய் வந்தது, லேசாக முனகுகிறது என்றால் விரலைக் கம்பியில் வைத்துக்கொண்டு சும்மா படுத்திருங்கள், அடங்கும். வாயில் எச்சில் ஒழுக, கம்பியைக் கடித்து, உடம்பைத் தூக்கி அடிக்கிறது என்றால் உடனே திறந்துவிடுங்கள். அது பயம். மறுநாள் பாடத்தில் ஒரு படி பின்னால் போய்த் தொடங்குங்கள்.

கழுத்துப் பட்டையோடு உள்ளே விடவே கூடாது, கம்பியில் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. தப்புச் செய்தது என்று கோபத்தில் கூண்டில் தள்ளவும் கூடாது. உங்கள் மகனிடமும் சொல்லி வையுங்கள், ராகி உள்ளே படுத்திருந்தால் அவன் கை உள்ளே போகக் கூடாது.

பெண்ணாகரம் பெரியவர்:

நாட்டு நாய்க்கு எதுக்கும்மா கூண்டு? எங்க காலத்துல திண்ணையில ஒரு சாக்கு, ஒரு உருண்டைக் களி. நாய் வாசல விட்டு நகராது. மாமியார் சொல்றதுதான் சரின்னு எனக்குப் படுது.

ஓசூர் அக்கா:

திண்ணை இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன் ஐயா. இவர்களுக்குத் திண்ணை இல்லை, கேட் இல்லை, கீழே லாரி ஓடுகிற ரோடு. எங்கள் வீட்டு ரெண்டாவது நாய் தீபாவளி வெடிச் சத்தத்துக்குத் தானாகவே கூண்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த மூணு நாளும் கதவு திறந்தேதான் கிடக்கும். அதற்கு அது குகை மாதிரி. மாமியாரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் பெரியவர் சொன்ன சாக்கு நல்ல யோசனை! தோப்பில் தாய் நாய் படுத்த சாக்கு இன்னும் கிடக்கிறதா என்று நாத்தனாரிடம் கேளுங்கள். துவைக்காமல் அப்படியே அனுப்பச் சொல்லுங்கள்.

மாடிவீடு, தருமபுரி:

நாத்தனார் காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினார். பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கி வந்தேன். மாம்பழ லோடு கட்டின பழைய கோணி, ஒரே நாய் வாடை. மருத்துவமனையில் பூச்சி மருந்து கொடுத்து, பேதிக்கும் மருந்து எழுதி, அது நின்றதும் ஊசிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து கோணியை ஓரம் மடித்துத் தைத்துப் பெட்டிக்குள் விரித்தேன். ராகி முதலில் கிட்டவே வரவில்லை. அப்புறம் மூக்கை வைத்தது. கோணியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மோந்துகொண்டே போய், நடுவில் ஒரு இடத்தில் நின்று, முன்னங்காலால் நாலு தடவை சுரண்டி, சுருண்டு படுத்துவிட்டது. மாமியார் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஃபேனை மட்டும் ஒன்றில் வைத்தார். ராத்திரி ஒன்றரைக்கும் நாலரைக்கும் மாடிக்குத் தூக்கிப் போனேன். நடுவில் ஒரே ஒரு தடவை முனகியது.

வீட்டுக்காரரிடம் போய், செய்வதையெல்லாம் சொல்லி இன்னும் ஒரு வாரம் கேட்டேன். சரி என்றார். பகலுக்கு என்ன செய்யட்டும்? மூன்றரை மணி நேரம் ஆகிறதே.

ஓசூர் அக்கா:

அவ்வளவு நேரம் சாத்தி வைக்காதீர்கள். கடைக்குப் போகும் முன் மாடிக்குக் கூட்டிப் போய் நன்றாக விளையாட விட்டு, பதினொன்றரைக்குப் பக்கத்து வீட்டில் யாராவது ஒருமுறை தூக்கிப் போக முடியுமா பாருங்கள். ஆள் இல்லாவிட்டால் சமையலறை வாசலில் பலகை தடுத்து, கூண்டுக் கதவைத் திறந்து, மண் தொட்டியை மறு ஓரத்தில் வைத்து விட்டுப் போங்கள்.

மாடிவீடு, தருமபுரி:

பக்கத்து வீட்டுப் பெண் சம்மதித்துவிட்டாள். இன்னொரு பயம். நேற்று விளையாடும்போது மகன் விரலில் பல் பட்டு லேசாக ரத்தம் வந்தது. குட்டிப் பல்தானே என்று மஞ்சள் வைத்துவிட்டேன்.

பாலக்கோடு, ஓய்வு பெற்றவன்:

மஞ்சள் வேண்டாம் அம்மா. குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, இன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். வெறிநாய்க்கடி ஊசி இலவசம். குட்டி, பெரிசு என்று பார்க்காதீர்கள், குட்டிக்கும் தாய்க்கும் ஊசி இல்லாதபோது ரத்தம் வந்தால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். கை வைத்துக் கடிக்கிற விளையாட்டை விட்டுவிட்டு, முடிச்சுப் போட்ட துணியைக் கொடுங்கள். ஆறு மாசம் வரை பல் ஊறிக்கொண்டுதான் இருக்கும்.

சாப்பாடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். களி கொடுக்கலாம், ஆனால் களி மட்டும் போதாது, வளர்கிற குட்டிக்கு வேகவைத்த முட்டை, கோழி சேரணும். ஒரு நாளைக்கு நாலு வேளை, கடைசி வேளை ராத்திரி எட்டு மணிக்குள். குழம்பு ஊற்றிப் பிசையாதீர்கள், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். தோப்புக்குக் கூட்டிப் போனால் மாங்கொட்டை வாயில் படாமல் பாருங்கள். விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஆபரேஷன்தான்.

மாடிவீடு, தருமபுரி:

எல்லோருக்கும் நன்றி. மகனுக்கு அன்றே முதல் ஊசி போட்டோம், அட்டையில் தேதி குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். ராகிக்குப் பேதி நின்று, முதல் தடுப்பூசியும் ஆயிற்று. இன்றோடு வந்து பதினாறு நாள். நாலு நாளாகக் கூண்டிலேயே, கதவு சாத்தித்தான் தூங்குகிறது. கூண்டு ஒருமுறைதான் நனைந்தது, அதுவும் நான் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிப்போன ராத்திரி. நேற்று மத்தியானம் கடையிலிருந்து வந்தபோது மாமியார் நாற்காலியைக் கூண்டுக்குப் பக்கத்தில் போட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது, ராகி உள்ளே கோணி மேல் மல்லாந்து படுத்திருந்தது. "சத்தம் போடாத, இப்பத்தான் தூங்குச்சு" என்றார்.

பலகையை இப்போது எவ்வளவு தள்ளலாம் அக்கா? திரும்பும்போது வால் இடிக்கத் தொடங்கிவிட்டது.

ஓசூர் அக்கா:

நாலு விரற்கடை தள்ளுங்கள். ரெண்டு ராத்திரி பாருங்கள், மூலை ஈரமானால் மறுபடி பழைய இடத்துக்கே கொண்டு வந்துவிடலாம்.