0.75 + 0.75 = 1.5: ஒளியின் வேகத்தைத் தாண்டிவிடுகிறதே, எங்கே தப்பு?

கேள்வி:
வணக்கம். பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். பூமியிலிருந்து இரண்டு விண்கலங்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்புகின்றன. ஒவ்வொன்றின் வேகமும் ஒளிவேகத்தில் 0.75 பங்கு. 4 ஆண்டில் ஒவ்வொன்றும் 3 ஒளியாண்டு போயிருக்கும். இடைவெளி 6 ஒளியாண்டு. 6-ஐ 4-ஆல் வகுத்தால் 1.5! மூன்று நாளாக மண்டை காய்கிறது, யாராவது சொல்லுங்களேன்.

பதில் 1:
நேராகக் கூட்டக் கூடாது. கூட்டிவந்த தொகையை, 1 + (ஒளிவேகத்தின் பங்காக எழுதிய இரண்டு வேகங்களின் பெருக்கல்) என்பதால் வகுக்க வேண்டும். 1.5 ÷ 1.5625 = 0.96.

கேட்டவர்:
நன்றி அண்ணா. சூத்திரம் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் அந்த 6 ஒளியாண்டு பொய்யா? பூமியிலிருந்து அளந்தால் 6தானே?

பதில் 2:
பொய்யில்லை தம்பி, உங்கள் கணக்கு சரிதான். 1.5 என்பது பூமியிலிருந்து பார்க்கையில் இடைவெளி வளரும் வேகம். இடைவெளி ஒரு பொருள் அல்ல. எதையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து போவதில்லை. அதனால் 'எந்தப் பொருளும் ஒளியை முந்த முடியாது' என்ற வரம்பு அதைக் கட்டுப்படுத்தாது. செர்ன் என்னும் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் இரண்டு புரோட்டான் கற்றைகள் எதிரெதிரே பாயும்போதும், ஆய்வகக் கணக்கில் இடைவெளி ஒளியைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் குறைகிறது.

'ஒரு கலத்திலிருந்து பார்த்தால் மற்றது என்ன வேகம்?' என்பது வேறு கேள்வி. அதற்கான பதில்தான் அந்த 0.96. உங்கள் 4 ஆண்டு பூமிக் கடிகாரத்தில் எண்ணியது, 6 ஒளியாண்டு பூமியின் அளவுகோலில் அளந்தது. கலத்தில் இருப்பவருக்குக் கடிகாரமும் வேறு, அளவுகோலும் வேறு, 'ஒரே நேரத்தில்' என்பதே வேறு. இந்த மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறோம். மூன்றும் சேர்ந்துதான் அந்த 1.5625. குறிப்பாயத்தை, அதாவது யார் நிலையிலிருந்து அளக்கிறோம் என்பதை, மாற்றாமல் கூட்டியதுதான் சிக்கல்.

இது வெறும் ஏட்டுக் கணக்கும் அல்ல. 1964-இல் செர்னில், ஒளிவேகத்தில் 0.99975 பங்கு வேகத்தில் பறந்த பையான் என்னும் நுண்துகள்கள் சிதைந்து வெளிவிட்ட காமா கதிர்களின் (இவையும் ஒருவகை ஒளிதான்) வேகத்தை அளந்தார்கள். நேராகக் கூட்டினால் ஏறத்தாழ 2 வர வேண்டும். வந்தது 1தான். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த சோதனை இது.

பதில் 1:
மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே போகும் ரயில்களுக்கும் இதே சூத்திரம்தான். ஒரு மணி நேரம் ஓடினால் நேர்க் கூட்டலுக்கும் சூத்திரத்துக்கும் வரும் வித்தியாசம், ஒரு மில்லிமீட்டரைச் சுமார் 6 லட்சம் கூறு போட்டதில் ஒரு கூறு. அதனால்தான் கூட்டல் நமக்குப் பழகிப்போனது.

கேட்டவர்:
ஒன்றை ஒளியாகவே வைத்துப் போட்டேன்: 1.75 ÷ 1.75 = 1. இரண்டையும் 0.99 ஆக்கினாலும் 0.99995தான். இடைவெளியையும் வேகத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறேன். இருவருக்கும் மிக்க நன்றி!