5க்கு 8 அடி பாத்ரூம், கையில 2 லட்சம்: எதுல இழுத்துப் பிடிக்கலாம்?

மாடிவீட்டுக்காரன்:
வணக்கம். மடிப்பாக்கத்துல 1999ல அப்பா கட்டின வீடு. முதல் மாடி பெட்ரூமை ஒட்டின பாத்ரூம். ஷவர் சுவருக்குப் பின்பக்கம் துணி அலமாரி. ரெண்டு வருஷமா அங்க ஓதம். தீபாவளிக்கு எடுத்த பட்டு வேட்டியில பூஞ்சை. கீழ் ஹால் சீலிங்லயும் மஞ்சளா ஒரு வட்டம்.

மனைவிக்குச் சுவர்ல தொங்குற க்ளோசெட்டும் (வெஸ்டர்ன் டாய்லெட்) கண்ணாடித் தடுப்பும் வேணும். எனக்கு மழை மாதிரி கொட்டுற பெரிய ஷவர். அம்மாவுக்கு 74 வயசு, "வழுக்காம இருந்தா போதும்டா"ங்கிறாங்க. போர் தண்ணி, நல்ல உப்பு. பழைய டைல்ஸ் மேலயே புதுசு ஒட்டினா 40,000 மிச்சம்னு ஒரு கான்ட்ராக்டர் சொல்றார். செய்யலாமா?

தாம்பரம் அக்கா:
வேண்டாம் தம்பி. ஓதம் டைல்ஸுக்கு அடியில இருக்கு, மேல ஒட்டி என்ன பண்ண? தரை வேற உயர்ந்து, தண்ணி பெட்ரூமுக்கு வரும்.

போன ஆடியில இதே வேலையை முடிச்சேன். உடைச்சப்போ வந்த ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) குழாய்த் துண்டு ஒண்ணை இன்னும் வச்சிருக்கேன். முக்கால் இஞ்ச் குழாய். உள்ள துருவும் உப்பும் ஏறி பென்சில் நுழையாது. வெளிய பெயின்ட் அடிச்சு அழகா இருந்துச்சு! எல்லாத்தையும் சிபிவிசி, அதான் சுடுதண்ணி தாங்குற பிளாஸ்டிக் குழாய், ஆக்கினேன்.

என் கணக்கு இதுதான்: ஸ்பேனரால கழட்டக்கூடியதை மலிவா வாங்கு, சுத்தியல் எடுத்தாத்தான் கழலும்னா கஞ்சத்தனம் பண்ணாதே. குழாய், வாட்டர்ப்ரூஃபிங், தரை வாட்டம், சுவருக்குள்ள போற டைவர்ட்டர் (தண்ணியை ஷவருக்கும் குழாய்க்கும் மாத்தி விடுற வால்வு), இதுக்கெல்லாம் தாராளமா. வாஷ்பேசின், கண்ணாடி, டவல் கம்பி சாதா போதும். சுவர் டைல்ஸ் ஷவர் பக்கம் மட்டும் 7 அடி. மத்த சுவர்ல 4 அடி வரைக்கும், மேல பெயின்ட்.

வாட்டர்ப்ரூஃபிங் காய்ஞ்சதும் ட்ராப் (தரையில தண்ணி வடியுற இடம்) வாயை அடைச்சு ரெண்டு இஞ்ச் தண்ணி கட்டி, சுவர்ல பென்சில் கோடு போட்டு 48 மணி நேரம் விடுங்க. எங்க மேஸ்திரி "ஒரு ராத்திரி போதும்மா"ன்னார். நான் கேக்கலை. ரெண்டாம் நாள் காலையில கோட்டுக்கு அரை இஞ்ச் கீழ இருந்துச்சு. ட்ராப் கழுத்தைச் சுத்தி மெல்லிசா விரிசல். டைல்ஸ் போட்டப்புறம் தெரிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிங்க.

தொங்குற க்ளோசெட்டை விடுங்க. சுவருக்குள்ள ஃப்ரேம், மறைஞ்ச டேங்க் எல்லாம் சேர்ந்து உங்க பட்ஜெட்டை முழுங்கிடும். தரையில வைக்கிறதே வாங்குங்க. பழைய க்ளோசெட்டோட கழிவு ஓட்டை சுவர்ல இருந்து 9 இஞ்சா 12 இஞ்சான்னு அளந்துட்டுக் கடைக்குப் போங்க.

குழாய்க்காரன்:
20 வருஷமா பிளம்பிங். சார், ஷவர் வாங்குறதுக்கு முன்னாடி டேங்க் தண்ணி மட்டத்துக்கும் ஷவர் தலைக்கும் எவ்வளவு உயரம்னு அளந்தீங்களா? 10 மீட்டர் இருந்தாத்தான் 1 பார் அழுத்தம். உங்களுது முதல் மாடி, டேங்க் நேர் மேல. 3 மீட்டர்னே வச்சாலும் 0.3 பார்தான். பெரிய ஷவர்ல மழை வராது, கூரை ஒழுகுற மாதிரி சொட்டும். பிரஷர் பம்ப் வைக்கலாம், அது தனிச் செலவு. 4 இஞ்ச் ஷவர் போதும்.

பூச்சுக்கு முன்னாடி இஞ்ச் டேப்பை வச்சு ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்துக்குங்க. நாளைக்கு ஆணி அடிக்கும்போது குழாய் எங்க போகுதுன்னு கேட்டு எனக்கு போன் பண்ண வேண்டாம் பாருங்க.

கோவைப் பொண்ணு:
க்ளோசெட் விஷயத்துல அக்காவோட ஒத்துப்போக மாட்டேன். எங்க வீட்டுல தொங்குறதுதான், 3 வருஷமா பிரச்சனை இல்லை. அடியில துடைப்பம் போகும், உயரத்தையும் வயசானவங்களுக்கு ஏத்த மாதிரி வச்சுக்கலாம். ஆனா கண்ணாடித் தடுப்பு? உப்புத் தண்ணியில ஒரே மாசத்துல வெள்ளைப் புள்ளி. தினம் துடைக்க யார் ரெடின்னு வீட்டுல முதல்ல கேளுங்க.

அம்மாவுக்கு: தரைக்கு ஒரு அடி சதுர மேட் (பளபளப்பில்லாத) டைல்ஸ், க்ளோசெட் பக்கத்துல ஒரு கைப்பிடி. ஹீட்டர் லைனுக்கு 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா கரன்ட்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) கட்டாயம். இந்த மூணுலயும் பேரம் பேசாதீங்க.

மாடிவீட்டுக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அளந்தேன், 2.2 மீட்டர். என் மழை ஷவர் ரத்து. கண்ணாடித் தடுப்புக்குப் பதில் திரைன்னு சொன்னேன். மனைவி இன்னும் பதில் சொல்லலை. 48 மணி நேரம்னதும் கான்ட்ராக்டர் முகம் போன போக்கைப் பாக்கணும். ஒத்துக்கிட்டார்.

கடைசியா ஒண்ணு: டைல்ஸ் இடுக்கை அடைக்க எபாக்ஸியா (பிசின் கலவை), சிமென்ட்டா?

தாம்பரம் அக்கா:
தரைக்கும் ஷவர் சுவருக்கும் எபாக்ஸி, மத்ததுக்கு சிமென்ட். வேலைக்கு வர்றவங்க ஆசிட் பாட்டிலைத் தூக்கினா பிடுங்கி வைங்க. சிமென்ட் இடுக்கை அது அரிச்சே எடுத்துடும்.